அப்பா திதிப் பணம் யாருக்கு? போர்க்கள வைத்தியத்துக்குக் கொடுக்க நாங்கள் பார்த்த வழிகள்

அப்பா இறந்ததிலிருந்து ஆண்டுதோறும் திதியன்று ஊர் மண்டபத்தில் அன்னதானம் செய்துவந்தோம். இந்த ஆண்டு அம்மாவே, "சாப்பாட்டுக்கு நம்ம ஊர்ல இப்ப யாரும் தவிக்கல. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா முப்பது வருஷம் அரசு மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தவர். மறுத்துப் பேச ஆளில்லை. பிள்ளைகள் மூன்று பேர், ஆளுக்கு 40,000 ரூபாய். டொரண்டோவில் இருக்கும் அக்கா, போர் நடக்கிற இடத்திலும் பேரிடர் நடந்த இடத்திலும் வைத்தியம் பார்க்கிற அமைப்புக்குக் கொடுக்கலாம் என்றாள். எந்த அமைப்பு என்று கேட்டதுதான் தாமதம், குடும்ப வாட்ஸ்அப் குழு இரண்டு வாரம் ஓயவில்லை.

முதலில் தம்பி. ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறான், அதனால் அவனுக்கு ஒரே கேள்விதான்: "நூறு ரூபாய் குடுத்தா நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு போகுது?" இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதை வைத்தே அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தப்பான இடத்தில் போய் நிற்போம். கம்பெனிகளிடம் மருந்தை இலவசமாக வாங்கி அனுப்புகிற அமைப்பு, அந்த மருந்தின் சந்தை விலையையும் வரவாக எழுதும். அங்கே நிர்வாகச் செலவு ஒன்றிரண்டு சதவீதமாகத் தெரியும். சம்பளம் கொடுத்து அறுவை மருத்துவரை வைத்து, ஜெனரேட்டரும் தண்ணீர்த் தொட்டியும் லாரியும் சொந்தமாக நடத்துகிற அமைப்பு அதே அட்டவணையில் ஊதாரி போலத் தெரியும். இரண்டும் வேறு வேறு தொழில். ஒன்று மொத்த வியாபாரக் கிடங்கு என்றால் இன்னொன்று ஆஸ்பத்திரி.

எனக்கு வேறு ஒரு கணக்குதான் சரியாகப் பட்டது. அது அப்பாவிடமிருந்து வந்தது. 2004 சுனாமியின்போது அவர் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர் மருத்துவமனையில் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் தையல் நூலும் டெட்டனஸுக்குப் போடுகிற டி.டி. ஊசியும் தீர்ந்துவிட்டன என்று பல தடவை சொல்லியிருக்கிறார். "ஒரு வாரம் கழிச்சு எல்லாம் வந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் இருப்புல இல்லையே" என்பார். இருப்பு என்பது கம்பவுண்டர்களின் சொல். பேரிடர் வந்தபிறகு திரளும் பணம் வேறு, அது வருவதற்கு முன்பே அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பணம் வேறு. நாங்கள் பார்த்த ஒவ்வொரு அமைப்பையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்த்தேன்.

அக்கா சொன்னது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. எம்.எஸ்.எஃப். என்றால் பலருக்குத் தெரியும். 1971 டிசம்பரில் பாரிசில் சில மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து தொடங்கியது. நைஜீரியாவின் பியாஃப்ரா போரில் செஞ்சிலுவைக்காக வேலை செய்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர், பட்டினியில் சாகும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வெளியே எதுவும் சொல்லக் கூடாது என்ற விதியைப் பொறுக்க மாட்டாமல் வந்தவர்கள். 1999இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆண்டு வரவு 200 கோடி யூரோவுக்கு மேல். அதில் 95 சதவீதத்துக்கும் அதிகமாகத் தனி மனிதர்களும் தனியார் அமைப்புகளும் கொடுப்பது. அக்காவின் கட்சி இதில்தான் இருந்தது: அரசாங்கப் பணம் இல்லை, அதனால் அரசாங்கம் சொன்னதைக் கேட்க வேண்டியதில்லை. அகதிகளைத் துருக்கியிலேயே நிறுத்திவைக்க ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பந்தம் போட்டபோது, 2016இல், ஒன்றியத்திடமும் அதன் உறுப்பு நாடுகளிடமும் இனிப் பணம் வாங்குவதில்லை என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு, ஃபைசர் நிறுவனம் இலவசமாகத் தருவதாகச் சொன்ன பத்து லட்சம் நிமோனியா தடுப்பூசிகளையும் வேண்டாம் என்றார்கள். இன்று இலவசம் வாங்கினால் நாளை விலையைக் குறை என்று கேட்க முடியாது என்பது காரணம். அந்த முடிவு சரியா என்று எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ஊசி இல்லாமல் இருக்கும் குழந்தையின் அம்மாவிடம் அந்தக் காரணத்தை எப்படிச் சொல்வது? ஆனாலும் அப்படி ஒன்றை மறுக்கிற நிலையில் ஓர் அமைப்பு இருப்பதே பெரிய விஷயம்.

என்னை இவர்கள் பக்கம் சாய்த்தது வேறு ஒன்று, அதுவும் சுனாமிதான். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, சுனாமி வேலைக்கு எங்களுக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, அதன் பேரில் இனிமேல் அனுப்பாதீர்கள் என்று இவர்கள் சொல்லிவிட்டார்கள். உலகமே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். மற்ற அமைப்புகளுக்குக் கோபம், ஊரார் கொடுக்கிற கையைத் தட்டிவிடுகிறார்களே என்று. வந்துவிட்ட பணத்தில் மிச்சத்தை சூடானின் டார்ஃபூர், நைஜர் நாடு போன்ற இடங்களுக்குத் திருப்பிக்கொள்ளலாமா என்று கொடுத்தவர்களிடமே எழுதிக் கேட்டார்கள். மிகப் பெரும்பாலோர் சம்மதித்தார்கள். பணம் கேட்டுக் கடிதம் எழுதுகிற அமைப்புகள் எத்தனையோ உண்டு. போதும் என்று கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டது இதுதான்.

அப்புறம் இருப்பு. பிரான்சில் போர்தோ பக்கத்தில் இவர்களுக்குப் பெரிய கிடங்கு ஒன்று இருக்கிறது. அறுவைக்கு ஒரு பெட்டி, காலராவுக்கு ஒரு பெட்டி, பிரசவத்துக்கு ஒரு பெட்டி என்று முன்கூட்டியே அடுக்கி, சுங்கத் தாள்களோடு தயாராக வைத்திருப்பார்கள். காற்றடித்து நிமிர்த்துகிற கூடார ஆஸ்பத்திரிகூட உண்டு. 2010 ஜனவரியில் ஹைதி நிலநடுக்கத்துக்கு அதைத்தான் அனுப்பினார்கள். தலைநகர் போர்ட்டோ பிரின்ஸ் விமான நிலையத்தில் இறங்க விடாததால் விமானம் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசில் இறங்கி, சரக்கு லாரியில் வந்து சேர்ந்தது. ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கூடாரம் இல்லை. அந்த ஊரில் இவர்கள் ஏற்கெனவே நடத்திவந்த திரினித்தே மருத்துவமனை நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. தப்பித்த ஊழியர்கள் அன்றைக்கே தெருவில் வைத்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். கூடாரம் வருவதற்குப் பல நாள் முன்பே ஆள் இருந்தது.

குறையும் உண்டு. 2020இல் இவர்களுடைய ஊழியர்களும் முன்னாள் ஊழியர்களுமாகச் சுமார் 1,000 பேர் கையெழுத்துப் போட்டு, அமைப்புக்குள் இனப்பாகுபாடு இருக்கிறது என்று கடிதம் எழுதினார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள், முடிவெடுக்கும் நாற்காலிகளோ ஐரோப்பாவில். தம்பி இதைத் தேடி எடுத்துக் குழுவில் போட்டபோது அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

தம்பியின் தேர்வு செஞ்சிலுவை. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அதனால்தான். செஞ்சிலுவை என்ற பெயரில் மூன்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஜெனிவாவில் 1863இல் தொடங்கிய சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஒன்று; போர் நடக்கிற இடம் அதன் களம். 1919இல் தொடங்கிய, நாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு இன்னொன்று. புயல், வெள்ளம், நிலநடுக்கம் அதன் பக்கம். மூன்றாவது அந்தந்த நாட்டுச் சங்கம். நம்முடைய இந்திய செஞ்சிலுவைச் சங்கம் 1920இல் ஒரு சட்டத்தின் மூலம் உருவானது, குடியரசுத் தலைவர்தான் அதன் தலைவர். மாவட்டத் தலைநகரில் ரத்த வங்கி நடத்துகிற சங்கத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அது சூடான் போர்முனைக்குப் போகும் என்று நினைத்தால் போகாது. தம்பி நினைத்தது முதலாவதை, இணையத்தில் எடுத்துப் போட்டது மூன்றாவதின் கணக்கு எண்.

சரி, ஜெனிவாக் குழுவையே எடுத்துக்கொள்வோம். இதற்கும் எல்லைகளற்ற மருத்துவர்களுக்கும் நடுவில் இருக்கும் உண்மையான வேறுபாடு பணத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. செஞ்சிலுவைக் குழு பார்த்ததைப் பெரும்பாலும் வெளியே சொல்லாது. சண்டையிடும் இரு தரப்போடும் தனியாக உட்கார்ந்து பேசும். அதனால்தான் சிறைக்குள் போகிறது, கைதிகளைப் பார்க்கிறது, ஒரு தரப்பின் எல்லையிலிருந்து மறு தரப்பின் எல்லைக்குக் காயம்பட்டவர்களைக் கொண்டுவருகிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் பார்த்ததைச் சொல்வார்கள், அதற்கு விலையும் கொடுப்பார்கள். 1985இல் எத்தியோப்பியாவில் பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் மக்களைக் கட்டாயமாக இடம்பெயர்க்கிறார்கள் என்று சொன்னதற்காக அரசு அவர்களுடைய பிரெஞ்சுப் பிரிவை வெளியேற்றியது. சொன்னது உண்மை. ஆனால் நோயாளிகள் அங்கேயே இருந்தார்கள், அந்த மருத்துவர்கள் இல்லை.

எது மேல்? புத்தகத்தில் படிக்கும்போது பேசுபவன்தான் வீரன். ஆனால் தமிழர்களுக்கு இந்தக் கேள்விக்கு ஒரு பக்கத்து உதாரணம் இருக்கிறது. 2008 செப்டம்பரில், போர் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து தொண்டு நிறுவனங்களை வெளியேறச் சொன்னது இலங்கை அரசு. செஞ்சிலுவைக் குழு மட்டும் தங்க முடிந்தது. 2009 பிப்ரவரி முதல் மே வரை, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் அவர்களோடு வந்த உறவினரையும் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட 14,000 பேர். கடற்கரையிலிருந்து சின்னப் படகில் ஏற்றி, நடுக்கடலில் நின்ற கப்பலுக்கு மாற்றி. வாயைத் திறந்து பேசிய எந்த அமைப்பாலும் அந்த வேலையை அப்போது செய்திருக்க முடியாது. மறுபக்கம், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பார்ம் முகாமுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி நடத்துவதற்காக, பேசுவதையே கொள்கையாக வைத்திருந்த எல்லைகளற்ற மருத்துவர்களும் அந்த மே மாதம் வாயைக் கட்டும் நிபந்தனைக்குச் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஆக, பேசுவதா வேண்டாமா என்பதைப் பல நேரம் அமைப்பு முடிவு செய்வதில்லை, துப்பாக்கி வைத்திருப்பவன் முடிவு செய்கிறான்.

மௌனத்துக்கும் பெரிய கறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜி முகாம்களைப் பற்றித் தெரிந்தும் செஞ்சிலுவைக் குழு பகிரங்கமாகப் பேசவில்லை. அது தோல்விதான் என்று பிற்பாடு அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் 40,000 ரூபாய் என்ற அளவில் பார்த்தால் ஒரு சின்ன விஷயம் பெரிதாகிறது. செஞ்சிலுவைக் குழுவின் பணத்தில் மிகப் பெரும் பகுதி அரசாங்கங்கள் கொடுப்பது. அவை கையைச் சுருக்கினால் அமைப்பு ஆடிப்போகும். 2023இல் அப்படித்தான் நெருக்கடி வந்து, ஏராளமான பணியிடங்களைக் குறைத்தார்கள். இதைத் தம்பி ஒரு விதமாகப் படித்தான்: "தனியார் பணம் குறைவா இருக்கிற இடத்துலதான் நம்ம பணத்துக்கு மதிப்பு." நான் வேறு விதமாகப் படித்தேன்: அங்கே நம் பணம் கடலில் கரைத்த பெருங்காயம். இதில் யார் சரி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையத்துக்குத் துணைநின்றதும், ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் கால் போனவர்களுக்கு 1988லிருந்து செயற்கைக் கால் பொருத்தி வருவதும் இதே குழுதான் என்பதைப் படித்தபின் தம்பியோடு சண்டை போடும் ஆசை குறைந்துவிட்டது. குண்டு வெடித்த அன்று ஒரு நாள் வைத்தியம், அதற்கப்புறம் நாற்பது வருஷ நடை. குழந்தைக்குப் பொருத்திய கால் வளர வளர மாற்றவேண்டும்.

மூன்றாவதாக வந்தது இத்தாலியின் எமர்ஜென்சி என்ற அமைப்பு. ஜீனோ ஸ்த்ராதா என்ற அறுவை மருத்துவரும் அவருடைய நண்பர்களும் 1994இல் தொடங்கியது. இவர்கள் ஓடிப்போய்க் கூடாரம் அடிப்பதைவிட, போர் நடக்கும் நாட்டிலேயே கட்டடம் கட்டி உட்கார்ந்துவிடுவார்கள். ஆப்கானிஸ்தானில் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கின் அனாபா, காபூல், லஷ்கர்கா ஆகிய ஊர்களில் மருத்துவமனைகள். சூடானின் கார்ட்டூம் பக்கத்தில் 2007இல் திறந்த சலாம் மையத்தில் இதய அறுவை, அதுவும் இலவசம். வயிற்றுப்போக்குக்கே மருந்து இல்லாத நாட்டில் இதய அறுவை ஆடம்பரம் இல்லையா என்று கேட்டால், என் குழந்தைக்கு எப்படிப்பட்ட ஆஸ்பத்திரி வேண்டுமோ அதைத்தான் கட்டுவேன் என்பது ஸ்த்ராதாவின் நிலைப்பாடு. 2021இல் அவர் இறந்தார். எனக்கு இந்த அமைப்பின் மேல் ஒரு மயக்கம் உண்டு. அப்பாவுக்கும் பிடித்திருக்கும், சுவர் நல்ல வெள்ளையாக இல்லாவிட்டால் வார்டு பாயைத் திட்டுகிற மனுஷன். ஆனால் நிலநடுக்கத்துக்கும் வெள்ளத்துக்கும் உடனே போகிற அமைப்பு வேண்டும் என்றால் இது அது இல்லை.

நாலாவது வழியைப் பற்றி வீட்டில் யாரும் முதலில் பேசவில்லை: உள்ளூர்க்காரர்கள். நிலநடுக்கத்தில் இடிபாட்டுக்கு அடியில் இருப்பவரைக் காப்பாற்றும் நேரம் முதல் ஒன்றிரண்டு நாள்தான். வெளிநாட்டுக் கூடார ஆஸ்பத்திரி வந்து, பெட்டியைப் பிரித்து, மின்சாரம் கொடுத்து, முதல் நோயாளியை மேசையில் படுக்க வைப்பதற்குள் அந்த நேரம் போய்விடும். அதற்கப்புறம் அது செய்வது புண் ஆறாதவர்களுக்கு மறு அறுவை, பிரசவம், சர்க்கரை, காய்ச்சல். அவையும் வேண்டும்தான். ஆனால் முதல் நாள் என்பது அப்பாவைப் போன்றவர்களின் நாள். இந்தியாவுக்குள் என்றால், 2007இல் மும்பை மருத்துவர்கள் சிலர் தொடங்கிய டாக்டர்ஸ் ஃபார் யூ மாதிரி அமைப்புகள் இருக்கின்றன. 2008 பீகார் கோசி வெள்ளத்திலிருந்து தொடர்ந்து களத்தில் இருக்கிறார்கள். சூடானில் போர் தொடங்கிய 2023லிருந்து தெருவுக்குத் தெரு இளைஞர்கள் நடத்துகிற அவசர உதவிக் குழுக்கள்தான் பல இடங்களில் ஆஸ்பத்திரிக்கு டீசல் வாங்கிக் கொடுக்கின்றன. நம் ஊரிலிருந்து அவர்களுக்கு நேரடியாகப் பணம் சேர்ப்பதற்கு நம்பகமான வழி என் கைக்குக் கிட்டவில்லை.

பெயர் தெரியாத புது அமைப்பு ஒன்று கண்ணில் பட்டால் ஒரு சோதனை இருக்கிறது. ஹைதியில் யார் யாரோ அறுவைக் கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்திறங்கியதைப் பார்த்தபின், உலக சுகாதார அமைப்பு அவசர மருத்துவக் குழுக்களை வகைப்படுத்தியது. இரண்டாம் வகைக் குழு என்றால் குறைந்தது 20 உள்நோயாளிப் படுக்கை, நாளுக்கு 7 பெரிய அறுவை அல்லது 15 சின்ன அறுவை செய்யத் தெம்பு இருக்க வேண்டும். தேர்வான குழுக்களின் பட்டியல் உண்டு. "நாங்கள் அறுவை செய்கிறோம்" என்று படம் போடுகிற அமைப்பிடம் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள்.

மருந்தாகவே வாங்கி அனுப்பலாமே என்ற யோசனையை நான் தொடக்கத்திலேயே வெட்டிவிட்டேன். காரணம் வெட்கக் கதை. 2015 சென்னை வெள்ளத்தில், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளை ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சேர்த்து முகாமில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த பெண் மருத்துவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதைப் பிரிக்க எனக்கு ஒரு ஆள் வேணும் சார், அந்த ஆள் இப்ப நோயாளி பார்க்கணும்" என்றார். பாதி அட்டையில் தேதியே கிழிந்திருந்தது. போஸ்னியப் போரில் இதே தவறு நாடுகள் அளவில் நடந்து, பயன்படாத மருந்து சுமார் 17,000 டன் குவிந்தது. அதை அழிக்கவும் பணம் வேண்டும். முறையாகச் செய்யும்போது எப்படி இருக்கும் என்றால், உலக சுகாதார அமைப்பின் அவசர மருந்துத் தொகுப்பு ஒன்று 10,000 பேருக்கு 3 மாதத்துக்குக் கணக்குப் போட்டு அடுக்கியது. அதில் எந்த மாத்திரை எத்தனை என்பதைக் கம்பவுண்டர் பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

வரி விஷயம் சீக்கிரம் முடிந்தது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி என்பார்கள்) கிடையாது. நானும் தம்பியும் அதில்தான் இருக்கிறோம், அதனால் ரசீதுக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய முறையில் இருப்பவர்கள் பணம் போடுவதற்கு முன்பே ரசீது வருமா என்று கேட்டுவிடுங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். இந்தியாவில் பதிவான அறக்கட்டளை வெளிநாட்டில் செலவு செய்தால் அதன் வரிவிலக்குக்குச் சிக்கல் வரும். ஆகவே இங்கே கொடுத்தால் பெரும்பாலும் இங்கேயேதான் செலவாகும்.

இன்னொரு முடிவு, எந்தப் பேரிடருக்கு என்று பெயர் எழுதிக் கொடுப்பதா, பொதுவாகக் கொடுப்பதா என்பது. அக்கா காசாவின் பெயரில் கொடுக்க விரும்பினாள். டிவியில் தினமும் பார்க்கிறாள், தூக்கம் வரவில்லை என்கிறாள். நான் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பெயர் எழுதிய பணம் அந்த ஊர்ப் பெட்டிக்குள் பூட்டப்படும். பெயர் எழுதாத பணம்தான் இன்னும் நடக்காத நிலநடுக்கத்துக்கான தையல் நூலாகக் கிடங்கில் உட்காரும். "பேர் போடாமக் குடுத்தா எங்க போச்சுன்னே தெரியாதேடா" என்றாள். தெரியாதுதான். அப்பா அலமாரியில் அடுக்கிய டி.டி. ஊசி யார் கைக்குப் போனதென்று அவருக்கும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, சரி என்று ஒற்றை வார்த்தை வந்தது.

கடைசியில் இப்படிப் பிரித்தோம். அக்காவின் பங்கு எல்லைகளற்ற மருத்துவர்களின் கனடாக் கிளைக்கு, பெயர் எழுதாமல், மாதாமாதம் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும்படி. அவளுக்கு அங்கே வரி ரசீதும் வரும். தம்பியின் பங்கு ஜெனிவாக் குழுவுக்கு. இந்த முறை கணக்கு எண்ணை இரண்டு பேர் சரிபார்த்தோம். என் பங்கு இந்தியாவுக்குள் வெள்ளத்திலும் புயலிலும் வேலை செய்கிற மருத்துவர் குழுவுக்கு. ஸ்த்ராதாவின் ஆஸ்பத்திரிக்கு இந்த ஆண்டு எதுவும் இல்லை, அடுத்த திதிக்கு மறுபடி சண்டை போடலாம் என்று ஒத்திவைத்திருக்கிறோம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, திதியன்று பத்துப் பேருக்காவது இலை போட வேண்டும், வெறும் வீடாக இருக்கக் கூடாது என்றார். அரிசி வாங்கிப் போட்டிருக்கிறேன்.